வெளியே ஒட்டும் பையா, உள்ளே தைக்கும் பையா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைக்குள் இறங்கிவிட்டால், பெரும்பாலும் பையையே எடுத்துவிடலாம் என்பார் யூராலஜிஸ்ட். ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டும் சேர்ந்தே போகும். (சுரண்டி எடுத்து, கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பையைக் காப்பாற்றும் வழியும் சிலருக்கு உண்டு, அது தனிக்கதை.) என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி, அப்புறம் மூத்திரம் எங்கே போகும்?"

டாக்டர் ஒரு தாளில் இரண்டு படம் போட்டார்.

முதலாவது இலியல் காண்ட்யூட். சிறுகுடலில் ஒரு சாண் அளவு, 15 முதல் 20 செ.மீ., வெட்டியெடுத்து, சிறுநீரகக் குழாய்கள் இரண்டையும் அதில் சேர்ப்பார்கள். மறுமுனை வயிற்றின் வலப்பக்கம் வெளியே வரும். 1950-ல் அமெரிக்க டாக்டர் யூஜின் பிரிக்கர் எழுதியபின் பரவிய முறை. மூத்திரம் எங்கும் தேங்காது, சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் தோலில் பை ஒட்டியே ஆகவேண்டும்.

இரண்டாவது நியோபிளாடர். 50, 60 செ.மீ. குடலை நீளவாக்கில் பிளந்து, உருண்டையாகத் தைத்து, பழைய பாதையிலேயே இணைப்பது. பிளக்காமல் குழாயாகவே விட்டால் குடல் தன் பழக்கப்படி சுருங்கித் தள்ளும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஸ்டூடர் 1980-களில் செய்துகாட்டிய வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

வெளியே ஒன்றும் தொங்காது என்றதும் பெரியப்பா இரண்டாவதைத்தான் கேட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் குடலுக்கு 'முட்டுகிறது' என்று சொல்லத் தெரியாது. கடிகாரம் பார்த்துத்தான் போகவேண்டும்; ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் அலாரம் வைத்து. இடுப்பின் அடித்தசையைத் தளர்த்தி, வயிற்றை முக்கிப் பழகவேண்டும். தூக்கத்தில் கசிவது பலருக்கு உண்டு. சில பெண்களுக்கு நேர் எதிர்த் தொல்லை: முழுசாக இறங்காது, தாங்களே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை விட்டு எடுக்கவேண்டும். குடல் சளி விடும். தேங்கிய மூத்திரத்திலிருந்து அமிலத்தை ரத்தத்துக்குள் இழுக்கும். அதைச் சமாளிக்கச் சிறுநீரகம் திடமாக இருக்கவேண்டும். சிறுநீர்த் தாரையில், அதாவது மூத்திரம் வெளியேறும் குழாயில், புற்று இருந்தால் இந்தப் பேச்சே கிடையாது.

ஐம்பது வயதில், நல்ல சிறுநீரகமும் பொறுமையும் உள்ளவருக்கு நியோபிளாடர் என்றுதான் நானும் சொல்வேன். பெரியப்பாவுக்கு வயது 71, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினினும் எல்லையில் நின்றது. வெளியே ஒட்டும் பை என்று முடிவானது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நர்ஸ் வந்து அவரை உட்கார, நிற்க, குனியச் சொன்னார். கடைசியில் வேட்டியைக் கட்டிக்காட்டச் சொல்லி, முடிச்சு உரசாத இடமாகப் பார்த்துப் பேனாவால் புள்ளி வைத்தார். பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார். சித்திரை வெயிலில் வியர்வைக்குப் பசை நிற்காது, ஒரே நாளில் இரண்டு போய்விடும், அந்தச் செலவு தனி. ராத்திரி மட்டும் பையோடு நீளக் குழாயை மாட்டிக் கட்டிலடியில் விட்டுவிட்டு, விடியும்வரை தூங்குகிறார்.