வேர்ட்பிரஸில் எட்டு ஆண்டு: 'முடிவுக' என்று நின்றுபோன சுட்டி

போன வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மிருதங்க வகுப்பு நடத்தும் நண்பர் கேட்டார்: "அண்ணே, வகுப்புக்கு ஒரு வெப்சைட் போடணும். எந்த சிஎம்எஸ், அதான் தளத்தை நடத்துற மென்பொருள், நல்லது? நீங்க வேர்ட்பிரஸ்தானே வச்சிருக்கீங்க?" ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தவன், அரை மணி நேரம் அதைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவருடைய கோப்பி ஆறிப்போனது. அதையே இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தின் தளத்தை 2017இல் தொடங்கினேன். மாதம் இரண்டு மூன்று பதிவு, கூட்ட அறிவிப்பு, ஆண்டுக்கு ஒரு சிறுகதைப் போட்டி. இலவசம், நிறுவுவது சுலபம், எதற்கெடுத்தாலும் ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், கிடைக்கும் என்பதெல்லாம் ஊரறிந்தது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு வந்து எழுதும் பலகையைக் கட்டம் கட்டமாக மாற்றியபோது எங்கள் மூத்த உறுப்பினர்கள் தவித்தார்கள். பழைய பலகையைத் திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டேன், அந்தச் சத்தம் அடங்கியது.

அடங்காதது ஸ்லக். பதிவின் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரி வால் இருக்கிறதே, அது.

'சிறுகதைப் போட்டி முடிவுகள் 2023' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டேன். முகவரிப் பட்டையைப் பார்த்தால் 'சிறுகதைப்-போட்டி-முடிவுக' என்று நிற்கிறது. 'ள்' இல்லை, ஆண்டும் இல்லை. நான்தான் ஏதோ அழித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் தட்டினேன். மறுபடியும் 'முடிவுக'. பேசிக்கொண்டே இருந்தவர் வாக்கியத்தின் நடுவில் எழுந்து போனதுபோல.

காரணம் கணக்குதான். ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்து ஒரு குறி. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட். முகவரிக்காக அதைச் சதவீதக் குறியிட்டு மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் '%E0' என்பதுபோல மூன்று குறியாகிவிடுகிறது. ஆக, ஒன்றுக்கு 9. 200ஐ 9ஆல் வகுத்தால் 22தான். அந்த 22லும் புள்ளி தனி, கொம்பும் காலும் தனி. 'சி' என்றால் இரண்டு போச்சு. எங்கள் தலைப்பில் கடைசியில் தேறியவை பன்னிரண்டே எழுத்துகள். நீங்களே எண்ணிப் பாருங்கள், நான் பேருந்தில் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு 'முடிவுகள் 2024'. ஆண்டு வெட்டுப்பட்டுவிடுவதால் இரண்டு தலைப்பும் ஒரே ஸ்லக்காகி மோதின. மோதினால் அது '-2' என்று வாலில் சேர்க்கும். அதற்கு இடம் வேண்டுமே, இன்னோர் எழுத்தைக் கழித்தது. விளைவு: 'முடிவு-2'. இலக்கணப்படி இதுதான் சரியான சொல்! தற்செயலாகவாவது திருந்தியதே என்று சிரித்தேன். ஆனால் 2024 என்று வரவேண்டிய இடத்தில் 2 என்று இருப்பதைப் பார்த்த ஒருவர், இரண்டாம் பரிசு பெற்றவர்கள் பட்டியல் மட்டும்தானா என்று கேட்டார்.

இதைவிடப் பெரிய தொல்லை வாட்ஸ்அப்பில். ஒட்டியவுடன் அந்தத் தமிழ் வால் சதவீதக் குறி, ஈ, சைபர், சதவீதக் குறி, ஏ, ஈ என்று ஆறேழு வரிக்கு ஓடுகிறது. மோசடிச் சுட்டியைத் தொடாதீர்கள் என்று இங்கே நாளும் பொழுதும் எச்சரிக்கிறார்கள். எழுபது வயது உறுப்பினர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, உங்க பேர்ல யாரோ என்னமோ அனுப்பியிருக்காங்க. மோசடி உதவி எண் 1799க்குப் போன் பண்ணிக் கேக்கவா?" என்றார். "அம்மா, அது உங்க கதைக்குக் கிடைச்ச பரிசும்மா" என்று சொல்லவேண்டியதாயிற்று. நம் நாட்டுக்கு '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே ஒரு டொமைன் முடிவு இருக்கிறது. முகவரியில் அதற்குப் பின் வரும் சாய்கோட்டைத் தாண்டியதும் இந்தக் கதி.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். மற்றதெல்லாம் யோக்கியமா? ஜூம்லா என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸை மடிக்கணினியில் நிறுவிப் பார்த்தேன். அதில் தமிழ் முகவரியை அனுமதிக்கும் யூனிகோட் ஏலியாஸ் என்ற அமைப்பை இயக்க மறந்தால், தமிழ்த் தலைப்பை முழுசாகத் தள்ளிவிட்டு, பதிவேற்றிய தேதியையும் நேரத்தையும் முகவரியாக வைத்துவிடுகிறது. அதற்கு 'முடிவுக' எவ்வளவோ மேல்.

வேர்ட்பிரஸில் நான் எதிர்பார்க்காத ஒரு சுகமும் உண்டு. கோபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பழைய ஸ்லக்குகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் சின்னதாக மாற்றினேன். பழைய சுட்டிகள் செத்துவிடும் என்று பயந்தால், அது பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துக்கொண்டு புதிய முகவரிக்குத் தானே திருப்பிவிடுகிறது. நான் எதுவும் செய்யவில்லை. பதிவுகளுக்கு மட்டும்தான் இந்த உபசாரம், 'எங்களைப் பற்றி' மாதிரிப் பக்கங்களுக்குக் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டபோது இரண்டு பக்கங்களின் பழைய சுட்டிகள் 404, அதாவது 'பக்கம் இல்லை'.

தேடலும் பரவாயில்லை. அது வெறுமனே எழுத்துத் தொடரைப் பொருத்திப் பார்ப்பதால் 'போட்டி' என்று தேடினால் 'போட்டியில்', 'போட்டிக்கு' எல்லாம் வந்து விழும். 'மரம்' என்று தேடி 'மரத்தடியில்' கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு திட்டிவிட்டு நண்பரிடம் கடைசியில் என்ன சொன்னேன்? "வேர்ட்பிரஸே போடுங்க. ஆனா ஸ்லக்கை மட்டும் வெளியிடறதுக்கு முன்னாடி கையால மாத்திடுங்க." அவரும் தலையாட்டினார். எட்டு ஆண்டில் இன்னொன்றுக்கு மாறாமல் இருந்ததற்கு அதன் நல்ல குணம் காரணமா, என் சோம்பல் காரணமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோப்பிக்கு அவரையே காசு கொடுக்க வைத்திருப்பேன்.

நேற்று இரவு பதினோரு மணிக்குப் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி. வணக்கம்கூட இல்லை, சதவீதக் குறிகள் மட்டும் ஆறு வரி. நானும் தொடவில்லை. நண்பரை அழைத்து, "நீங்கதானா?" என்று உறுதி செய்துகொண்டுதான் திறந்தேன். வகுப்புக்கென்று புதுசாக எண் வாங்கியிருக்கிறாராம். பக்கத்தின் தலைப்பு 'ஜூன் விடுமுறை மிருதங்க வகுப்பு'. முகவரி, 'ஜூன்-விடுமுறை-மிருதங்க-வ'.