ஆய்வுத் தலைப்பும் இணையச் சான்றுகளும்: தாது வருடப் பஞ்சத்தை முன்வைத்து ஓர் அனுபவப் பகிர்வு

வரலாற்றுத் துறையில் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வேட்டு நெறியாளராகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறேன். இக்காலம் முழுவதும் மின்னூலகங்களையும் இணைய ஆவணகங்களையும் அன்றாடம் புழங்கியதில் எனக்கு உறுதிப்பட்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு. தலைப்பை முடிவு செய்துவிட்டுச் சான்று தேடப் புறப்படுவதைவிட, எடுத்துக்கொண்ட பொருளில் எந்தெந்த மூலச் சான்றுகள் நம் கைக்கு எட்டுகின்றன என்று முதலில் பார்த்து, அவற்றிலிருந்து தலைப்பை வடித்தெடுப்பதே சிறந்தது. இதை விளக்க, மாணவர்கள் அடிக்கடி விரும்பித் தேர்ந்தெடுக்கும் 1876–78 பஞ்சத்தையே, அதாவது நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் அந்தக் கொடும் பஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

'சென்னை மாகாணத்தில் பஞ்சங்கள்' என்ற தலைப்போடு வரும் மாணவரிடம் நான் மறுப்புச் சொல்வதில்லை. இரண்டு வாரம் தேடிப் படித்துவிட்டு வரச் சொல்வேன். இணைய ஆவணகத்தில் (archive.org) வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச நிவாரண வரலாறு முழுமையாகக் கிடைக்கிறது. அதைப் புரட்டும் எவருக்கும் ஒரு பெரும் விவாதம் கண்ணில் படாமல் போகாது. வைசிராய் லிட்டனால் 1877 ஜனவரியில் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு உரிய விலையும் கூடுதலாக ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், உடலுழைப்புச் செய்யும் மனிதர் அந்த அளவில் உயிர் தரிக்க முடியாது என்று எழுத்து மூலம் கடுமையாக எதிர்த்தார். இருவரின் வாதங்களும் அச்சில் இருக்கின்றன. இருவரும் யாருடைய பொறுப்பில் பேசினார்கள் என்பதும் தெரிகிறது. 'டெம்பிள் கூலி குறித்த விவாதமும் அதன் விளைவுகளும்' என்பது ஓர் ஆண்டில் ஒரு மாணவரால் நேர்மையாகச் செய்து முடிக்கக்கூடிய தலைப்பு. பஞ்சங்கள் அனைத்தையும் பற்றிய தலைப்பு அப்படிப்பட்டதன்று.

நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, ஒரு நூல் மின்வருடலாக (ஸ்கேன்) கிடைக்கிறது என்பதாலேயே அதிலுள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதையும் இதே நூலைக் கொண்டு கற்பிக்கிறேன். டிக்பி சென்னையில் நாளிதழ் ஆசிரியராக இருந்தவர். பஞ்ச நிவாரணக் குழுவின் செயலாளராகவும் பணியாற்றியவர். அரசின் கொள்கையை வெளிப்படையாக விமர்சித்தவர். அவர் தரும் ஆவணப் பகுதிகள் அரியவை. ஆனால் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை அறிய அரசின் வெளியீடுகளையும், ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எண்களில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இப்பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சம் என்று ஓரிடத்திலும், 82 லட்சம் என்று மற்றோரிடத்திலும், ஒரு கோடிக்கும் மேல் என்று வேறோரிடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான தளங்கள் ஏதோ ஓர் எண்ணைத் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த எண் சென்னை மாகாணத்துக்கு மட்டுமா, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் சேர்த்தா, பதிவான இறப்புகளைக் கூட்டியதா, மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுக் கணித்ததா என்று கேட்காமல் அதை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது. சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 3.12 கோடியாக இருந்து 1881இல் சுமார் 3.08 கோடியானது. இயல்பான பெருக்கமும் இல்லாமல் போனதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. அந்த 1871ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான் என்பதை அறியும்போது, கூலி விவாதத்தில் அவருடைய குரலுக்கு இருந்த கனம் மாணவருக்குப் புரிகிறது.

படங்கள் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். எலும்பும் தோலுமாக மனிதர்கள் அமர்ந்திருக்கும் சில ஒளிப்படங்கள் '1943 வங்கப் பஞ்சம்' என்ற குறிப்போடு ஆண்டுதோறும் சுற்றி வருகின்றன. அவற்றுள் பல, சென்னை மாகாணத்தில் படை அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் 1876–78 பஞ்சத்தில் எடுத்தவை. லண்டனிலுள்ள வெல்கம் தொகுப்பின் தளத்தில் அப்படங்கள் எடுத்தவர் பெயரோடும் விளக்கத்தோடும் கிடைக்கின்றன. கூகுளின் படத்தேடலில் ஒரு படத்தை இட்டு, அதைப் பாதுகாக்கும் நிறுவனத்தின் பக்கம் வரை சென்று பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த மனிதர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பட்ட துன்பத்தின் காலத்தையும் இடத்தையுமாவது சரியாக எழுதுவது நம் கடமை.

இனி, நான் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் தளங்களைப் பற்றி. பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இல்லாமல் இன்று தலைப்புத் தேர்வே இல்லை என்பேன். ஒரே பொருளில் முன்னர் யார், எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தார் என்பதை அறிய அதைவிட நல்ல வழியில்லை. இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், முன்னுரையையும் துணைநூற்பட்டியலையும் மட்டும் முதலில் இறக்கிப் பார்த்துவிடலாம். பலரும் கவனிக்காத துணைத் தளம் ஷோத்கங்கோத்ரி. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்கள் அங்கு இருப்பதால், வேறொருவர் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை நாமும் தொடங்காமல் தப்பிக்கலாம். குறையும் உண்டு. தமிழில் எழுதப்பட்ட பழைய ஆய்வேடுகள் பல படக்கோப்புகளாகவோ ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களிலோ இருக்கின்றன. அவற்றின் உள்ளே தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஆங்கில எழுத்தில் தலைப்பையும் நெறியாளர் பெயரையும் பலவாறு மாற்றி இட்டுப் பார்ப்பதே வழி. மேலும், ஆய்வேடு என்பது தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்ட எழுத்து மட்டுமே. அதிலுள்ள மேற்கோளை அப்படியே எடுக்காமல் மூலத்துக்குச் சென்றே தீர வேண்டும்.

இணைய ஆவணகத்தில் உள்ள இந்திய நூல்களின் வருடல்களில் தலைப்பும் ஆண்டும் தவறாகப் பதிவாகியிருப்பது சாதாரணம். எனவே முகப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஆண்டைக் குறிக்கச் சொல்கிறேன். காலனிய ஆவணங்களைத் தேடும்போது அன்றைய வழக்கில் டின்னவெல்லி, ட்ரிச்சினாபொலி, டேஞ்சூர் என்றே ஊர்ப் பெயர்களை இட வேண்டும். இன்றைய எழுத்துக்கூட்டலில் இட்டால் முக்கியமான அறிக்கைகள் அகப்படாமல் போகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் நல்ல இடம். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பிரதிகள் படிக்கவும் தேடவும் மிக உதவுகின்றன; ஆனால் பக்க எண்ணோடு மேற்கோள் காட்ட அச்சுப் பதிப்பின் வருடலுக்குப் போக வேண்டும். பஞ்ச காலத்தில் இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களைப் பின்தொடர விரும்பும் மாணவர்களை, ஈழத்து ஆவணங்களைச் சேகரித்து வைத்திருக்கும் நூலகம் திட்டத்துக்கு அனுப்புகிறேன்.

கட்டுரைகளைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறிக்கும் தன் கேர் பட்டியலை 2025இல் கைவிட்ட பிறகு பொறுப்பு நம் தலையில் வந்துவிட்டது. பணம் கட்டினால் சில நாள்களில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழை நான் ஏற்பதில்லை. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையாக வழங்கப்படும் அடையாள எண்ணான டிஓஐ உண்மையிலேயே அக்கட்டுரைக்குத்தான் இட்டுச் செல்கிறதா என்று பார்ப்பேன். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் நூற்பட்டியலுக்கும் இதே சோதனைதான். பொருத்தமாகத் தோன்றும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொண்டு, எங்குமே இல்லாத கட்டுரைகளை அவை தருவதுண்டு. நூலகப் பட்டியலில் கண்ணால் காணாத எதையும் மாணவர் துணைநூற்பட்டியலில் சேர்க்க நான் ஒப்புவதில்லை.

எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைக் கோப்புகளை நேரில் சென்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் முன்வேலையை முடித்து, கோப்பின் ஆண்டையும் மாவட்டத்தையும் குறித்துக்கொண்டு போகிறவருக்கே அங்கு செலவிடும் நாள்கள் பயன்படுகின்றன. பஞ்சத்தைப் பாடிய கும்மிப் பாடல்கள் தமிழில் இருக்கின்றன. சேலம், கோயம்புத்தூர் மாவட்ட நிவாரண ஆவணங்களோடு அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டு யாரேனும் ஆய்வு செய்ய முன்வந்தால், இப்பொருளில் நான் முதலில் பரிந்துரைக்கும் தலைப்பு அதுவாகவே இருக்கும்.