ஒரே சோப் சேவை, நாலு மொழிக் கிளையன்ட்: சில நெல் சீசன்கள் ஓட்டிப் பார்த்ததில்

எடைமேடைக் கணினியில் சி ஷார்ப், பில் போட பிஎச்பி, அறிக்கைக்குப் பைத்தான், கடைசியாக வந்து சேர்ந்த நோட்ஜேஎஸ். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து அரிசி ஆலைகளில் இப்படிப்பட்ட கலவை புதிதில்லை. எல்லாம் ஒரே சோப் (SOAP, எக்ஸ்எம்எல் வழியாக நிரல்கள் தகவல் பரிமாறும் முறை) சேவைக்கு நெல் வரவை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் ஒவ்வொரு நிரலும் ஒரு கிளையன்ட்.

எர்ரர் செய்தியை நம்பி உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். வேலை செய்கிற கிளையன்ட் அனுப்பும் எக்ஸ்எம்எல்லையும் மக்கர் செய்வதன் எக்ஸ்எம்எல்லையும் ஹெடரோடு (செய்தியின் தலைப்பு விவரங்களோடு) எடுத்து ஒப்பிடுங்கள். பிஎச்பியில் 'ட்ரேஸ்' ஆப்ஷன், பைத்தானின் ஜீப் (zeep) லைப்ரரியில் ஹிஸ்டரி பிளக்இன், சி ஷார்ப் ஓடும் டாட்நெட்டுக்கு ஃபிட்லர் என்ற கருவி இதற்கு உதவும்.

415 (இந்த வகை உள்ளடக்கத்தை ஏற்க முடியாது என்ற எச்டிடிபி எர்ரர்) வந்தால் பெரும்பாலும் சோப் பதிப்புக் குழப்பம். சோப் 1.1 கன்டென்ட் டைப் ஹெடரில் 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று அனுப்பும், சோப்ஆக்‌ஷன் தனி ஹெடர். 1.2-இல் 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்', ஆக்‌ஷன் அந்த கன்டென்ட் டைப்புக்குள்ளேயே போய்விடும். என்வலப்பின் (செய்தியைச் சுற்றியிருக்கும் வெளி உறையின்) நேம்ஸ்பேஸும், அதாவது அடையாள முகவரியும், வேறு. பிஎச்பி சொல்லாவிட்டால் 1.1-ஐத்தான் எடுக்கும்.

எர்ரரே வராத கோளாறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. நெல்லின் ஈரப்பதம் கட்டாயமில்லாத எண் புலம் என்றால், டாட்நெட்டின் பழைய வகை ப்ராக்ஸி (சேவையை அழைக்கத் தானாக உருவாகும் கோடு) அதே பெயரோடு 'ஸ்பெசிஃபைட்' என்று முடியும் ஒரு பூலியனையும் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் புலம்) கொண்டிருக்கும். அதை ட்ரூ ஆக்காமல் 17 என்று நிரப்பினால் அந்தப் புலம் எக்ஸ்எம்எல்லில் ஏறவே ஏறாது. சர்வர் 'ஓகே' சொல்லும். அறிக்கையில் ஈரப்பதம் காலியாக நிற்கும்.

பிஎச்பியின் குணம் வேறு. பட்டியலில் ஒரே ஒரு பதிவு வந்தால் அரே தராது, ஆப்ஜெக்டாகத் தரும். சம்பா அறுவடை உச்சத்தில் இது தெரியாது. சீசன் ஓய்ந்து, நாளுக்கு ஒரே வண்டி வரும்போது லூப் உடையும். ஃபீச்சர்ஸில் 'சிங்கிள் எலிமென்ட் அரேஸ்' கொடியைப் போட்டால் தீரும். டபிள்யூஎஸ்டிஎல்லை (சேவை எதை ஏற்கும், எதைத் தரும் என்று சொல்லும் கோப்பை) மாற்றியும் பிஎச்பி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் கேஷ் (சேமித்து வைத்த பழைய நகல்) தான் காரணம்: இயல்பு ஆயுள் 86400 வினாடி, அதாவது முழு ஒரு நாள். சோதிக்கும்போது அணைத்து வைப்பது நல்லது.

தேதிக்கு டேட்டைம் வேண்டாம், வெறும் டேட் போதும். இந்திய நேரம் நள்ளிரவு 00:00 என்பது யூடிசியில் முந்தின நாள் 18:30. கொள்முதல் தேதி ஒரு நாள் பின்னால் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ரசீது எண்ணை ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991-ஐத் தாண்டினால் கடைசி இலக்கத்துக்கு உத்தரவாதமில்லை.

தமிழ்ப் பெயர் உள்ள பதிவு மட்டும் 'எக்ஸ்எம்எல் பாதியில் முடிந்தது' என்று திரும்பினால் செய்தி எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட் லெங்த் ஹெடரைப் பாருங்கள். 'தஞ்சாவூர்' ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் கணக்கில் 9, யூடிஎஃப்-8-இல் 27 பைட். கையால் ஹெடர் எழுதும் நோட் கோடில் பஃபரின் பைட்லெங்த்தை எடுக்க வேண்டும். ஆங்கிலப் பெயரை வைத்தே சோதித்தால் இது கண்ணில் படாது. ஒவ்வொரு கிளையன்ட்டையும் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று தமிழிலேயே அனுப்பிச் சோதியுங்கள்.