பழைய கல்லூரிச் சுவருக்கு என்.எச்.எல். 3.5 சுண்ணாம்பு: சரக்கு சரி, கெடுப்பது அவசரம்

பல்கலைக்கழக வளாகங்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்க்க, இன்று கிடைப்பதில் நம்பி வாங்கக்கூடிய சரக்கு என்.எச்.எல். (இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு) 3.5 என்ற இந்த 25 கிலோ மூட்டைதான். ஆனால் வாங்குமுன் மூட்டையின் முகப்பைப் படியுங்கள். 'ஹைட்ராலிக்' வேறு, 'ஹைட்ரேட்டட்' வேறு. ஹைட்ரேட்டட் என்பது சாதாரண நீற்றிய சுண்ணாம்பு. காற்றுப் பட்டுத்தான் இறுகும். ஹைட்ராலிக் தண்ணீரிலேயே இறுகத் தொடங்கி, மீதியைக் காற்றில் முடித்துக்கொள்ளும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 459இன்படி, என்.எச்.எல். என்றால் சிமென்ட் கலப்பு இல்லை. வெறும் எச்.எல். (ஹைட்ராலிக் சுண்ணாம்பு) என்றால் இருக்கலாம்.

3.5 என்பது 28 நாளில் தாங்கவேண்டிய குறைந்தபட்ச அழுத்தம், சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில். 'பலம் கூடினால் நல்லதுதானே' என்று என்.எச்.எல். 5 வாங்குவார்கள். அதுதான் வினை. காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும்; ஈரமும் உப்பும் செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக வெளியேறும். அந்தச் சந்துகளைக் கெட்டியாக அடைத்தால் உப்பு செங்கல்லுக்குள் படிந்து, முகம் பொரிந்து உதிரும். சிமென்ட் பாயின்டிங் செய்த, அதாவது சந்துகளைச் சிமென்டால் அடைத்த சுவர்களில் சந்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான்.

கலவையில் கொத்தனார்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சுண்ணாம்பு லேசானது. 25 கிலோ மூட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய 35 முதல் 40 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 50 கிலோ சிமென்ட் மூட்டை அளவு. 'பாதி மூட்டைதானே' என்று மணலையும் பாதியாகப் போட்டால் கலவை கொழுத்து, காயும்போது மயிரிழை வெடிப்பு விடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு 2.5 பங்கு மணல் என்று பெட்டியால் அளந்து போடுங்கள். மணல் சொரசொரப்பாக, களிமண் இல்லாமல் இருக்கட்டும். 10 மி.மீ. கனத்தில் ஒரு மூட்டை, சேதாரம் போக, சுமார் 8 சதுர மீட்டர் பூச வரும்.

சந்துகளில் உள்ள பழைய காரையை, சந்தின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., தோண்டவேண்டும். உளியும் சுத்தியும் போதும்; கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போய்விடும், அது திரும்ப வராது. சுவரை முந்தின நாளே நனையுங்கள். பூசும்போது ஈரம் இருக்கலாம், தண்ணீர் வழியக்கூடாது. பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காய விடாதீர்கள். கையால் தேய்த்தால் மாவாக உதிரும் பூச்சைக் கண்டால் சரக்கைத் திட்டவேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் காட்டாத குறைதான்.

மிகப் பெரிய குறை காலம். காற்றில் இறுகுவது தோராயமாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான். விடுமுறைக்குள் வகுப்பறையைத் திருப்பித் தரவேண்டும் என்று பூசிய மூன்றாம் வாரமே எமல்ஷன் அடித்தால், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பெயின்ட் தோலாக உரியும். இறுகிவிட்டதா என்று ஐயம் இருந்தால் ஓரத்தில் சிறு துண்டை உடைத்து, வேதியியல் துறையில் கொஞ்சம் பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் கரைசல்) வாங்கித் தெளியுங்கள். உடைந்த முகத்தின் விளிம்பு நிறமில்லாமலும் நடு இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்தச் சிவப்பு இன்னும் காற்றில் இறுகாத பகுதி. எமல்ஷனை எப்போதுமே தவிர்த்து, மெல்லிய சுண்ணாம்பு வெள்ளையை நாலைந்து கை அடிப்பது மேல். அதற்கு இவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம்.

கூரை ஒழுகல், அடைபட்ட மழைநீர்க் குழாய், சுவரோரம் உயர்ந்துவிட்ட தரைமட்டம் இவற்றைச் சரிசெய்யாமல் மூட்டைக்கு ஆர்டர் கொடுக்கவேண்டாம். கலக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் கண் வெந்துவிடும். பிரித்த மூட்டையை அன்றே தீர்த்துவிடுங்கள்.