காரைக்குடியிலிருந்து விமானம் ஏற: திருச்சியா, மதுரையா, சென்னையா?

செட்டிநாட்டுக்காரர்கள் விமானம் ஏற மூன்று வழி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். சென்னை 400 கிலோமீட்டரைத் தாண்டும். மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். சென்னையிலிருந்து போனால் மூவாயிரம் மிச்சம் என்று போனில் காட்டும். சென்னை வரை போகிற செலவு, கெட்டுப்போன ஒரு ராத்திரித் தூக்கம், வழிச் சாப்பாடு, பெட்டி தூக்க ஆள் என்று கூட்டிப் பார்த்தால் அந்த மூவாயிரம் எங்கே போனதென்றே தெரியாது. வீட்டைப் பூட்டிய நேரத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். அதிலும் போகிறவர் எழுபது வயது ஆச்சி, தனியாகப் போகிறார் என்றால் கட்டாயம் அப்படித்தான்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்குத் திருச்சிதான். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. முந்தைய தலைமுறை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனது. 1984-இல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போனபின் அந்தக் கடல்வழி முடிந்தது. அன்று நாகப்பட்டினத்துக்கு இருந்த இடத்தில் இன்று திருச்சி இருக்கிறது. சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், கோலாலம்பூருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. நடுவில் இறங்கி மாறும் வேலையே இல்லை. மொழி தெரியாத ஊரில் எந்தக் கேட், எந்தப் பக்கம் என்று அலையாமல் ஒரே மூச்சில் போய் இறங்குவது வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, வீட்டிலிருந்து அவர்களை அனுப்பி வைத்தவர்களுக்குத் தெரியும்.

புதிய டெர்மினல் 2024 ஜனவரியில் திறப்பு விழா கண்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாக முகப்பே நம் ஊர் என்று சொல்கிறது. பழைய கட்டடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டு விமானம் வந்தால் நிற்க இடம் இருக்காது. இப்போது உட்கார இடம் இருக்கிறது, மூச்சு விடலாம்.

இன்னொரு வசதி, விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பது. திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் தாண்டி வருகிற நமக்குத் திருச்சி நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. பேருந்தில் வருவதாக இருந்தால் ஏறும்போதே, ஏர்போர்ட் வழியாகப் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குறை என்னவென்றால், மெயின் ரோட்டில் இறங்கியபின் புதிய டெர்மினல் பெட்டியோடு நடக்கிற தூரம் அல்ல. ஆட்டோ பிடித்தாக வேண்டும். இவ்வளவு செலவு செய்து கட்டியவர்கள், சாலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சிறு பேருந்து விட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உபகாரமாக இருக்கும். எல்லோரும் காரில் வருவதில்லை.

திருச்சியிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் மலிவுக்கட்டண விமானங்கள். அங்கேதான் எடைப் பிரச்சினை வருகிறது. கையில் பெரும்பாலும் 7 கிலோதான். பெட்டிக்கு டிக்கெட்டோடு எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவு. நம் வீட்டுப் பெட்டிகளில் என்ன இருக்கும்? தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, குழம்புத்தூள், வற்றல். ஒருமுறை எங்கள் சித்தியின் பெட்டி கவுண்டரில் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. கூடுதல் எடைக்கு அந்த நிறுவனம் கேட்ட தொகை அநியாயம். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, தேன்குழல் டின்னை எடுத்து, பேத்திக்கு என்று தனியாக நூல் கட்டி வைத்திருந்த மாவுருண்டைப் பொட்டலத்தை மட்டும் கைப்பைக்குள் செருகிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர், “குடுங்க ஆச்சி, என் பெட்டில இடம் இருக்கு” என்று டின்னைக் கேட்டார். சித்தி கொடுக்கவில்லை, அதுதான் சரி. தெரியாதவர் பொருளை வாங்குவதும் கூடாது, கொடுப்பதும் கூடாது. ஆனால் அவர் கேட்ட அந்த மனசு திருச்சி வரிசையில் இன்னும் இருக்கிறது. டின் எங்களோடு ஊருக்குத் திரும்பியது.

ஆகவே வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். பெட்டிக்கான எடையை டிக்கெட் போடும்போதே வாங்கிவிட்டால் கவுண்டரில் கேட்பதைவிடக் குறைவாகத்தான் வரும். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் பெட்டியில் வைக்கக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நெய்யும் ஊறுகாயும் பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உப்புக்கண்டம் சிங்கப்பூருக்கு வேண்டவே வேண்டாம். நம் நாட்டு இறைச்சியை அங்கே உள்ளே விடமாட்டார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மதுரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று உள்நாட்டுக்குள் போக நல்ல இடம். 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. வெளிநாடு என்றால் கொழும்பு, துபாய் என்று எண்ணிச் சொல்லும்படிதான். நிலையம் சிறியது, உள்ளே நுழைந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது ஊருக்குத் தெற்கே இருக்கிறது. பேருந்தில் போனால் மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ டாக்சியோ பிடித்து ஊரைச் சுற்றிப் போக வேண்டும். காரில் போகிறவர்கள் மேலூர் தாண்டி ரிங் ரோட்டைப் பிடித்துவிடலாம். திருப்பத்தூர், சிவகங்கை பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை கைக்கெட்டும் தூரம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களுக்குத் திருச்சியே சௌகரியம்.

சென்னையை ஒதுக்கிவிடவும் முடியாது. லண்டனுக்கோ பிராங்க்ஃபர்ட்டுக்கோ தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போக அதுதான் இடம். காரில் போக வேண்டும் என்றில்லை. இரவு ரயில் ஏறினால் விடியலில் தாம்பரம். பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் மதியத்துக்குள் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தம் திரிசூலம், எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். திரிசூலத்தில் படி ஏறி இறங்க வேண்டும், கனமான பெட்டி இருந்தால் தாம்பரத்திலேயே டாக்சி பிடிப்பது நல்லது. விமானம் நள்ளிரவு என்றால் பல்லவன் பொருந்தும், தாமதமானாலும் பதற வேண்டாம். காலை விமானத்துக்கு இரவு ரயிலை நம்பி அதே நாள் போவது ஆபத்து.

அமெரிக்கா போகிறவர்கள் பலர் திருச்சி அல்லது மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து இன்னொரு நிறுவனத்தில் வேறொரு டிக்கெட் என்று எடுக்கிறார்கள். மலிவாக வரும், ஆனால் முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. எங்கள் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் போனது. முதல் டிக்கெட் பணம் திரும்பி வந்தது, பல மடங்கு பெரிய இரண்டாவது டிக்கெட் போயே போய்விட்டது. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது அந்த ஒரு டிக்கெட்டுக்குத்தான். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், நடுவில் தவறினாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எந்த ஊரில் ஏறினாலும் வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்கத் தெம்பு இருக்கிறதே என்று ஆயாவும் அப்பத்தாவும் கூச்சப்படுவார்கள். குடியுரிமைச் சோதனையிலும் கேட் மாறும்போதும் கூடவே ஒருவர் இருந்து வழிகாட்டுவார் என்று எடுத்துச் சொன்னால் சம்மதிப்பார்கள்.

அப்புறம், திரும்பி வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பின்னிரவில் திருச்சியில் இறங்கினால் உடனே பேருந்து கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்தே தெரிந்த காரை வரச் சொல்லிவிடுங்கள். டிரைவருக்கு விமான எண்ணை அனுப்பி வைத்தால் இறங்கும் நேரத்தை அவரே போனில் பார்த்துக்கொள்வார். பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டாலும், சாலை காலியாக இருக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் காரைக்குடி வந்துவிடலாம். அதே பயணத்தில் சென்னையில் இறங்கியிருந்தால், அந்த நேரத்தில் இன்னும் தாம்பரத்தில் ரயிலுக்காகக் காத்திருப்போம்.