கைக்கு வராத கிளி: விதையைக் காட்டுவதா, குச்சியைத் தொடவைப்பதா, விலகிப் போவதா?

விரலை நீட்டினால் பின்வாங்கும் கிளியைப் பழக்க மூன்று வழிகள் சொல்வார்கள். விதையைக் கையில் காட்டி வரவைப்பது ஒன்று. குச்சியின் நுனியைத் தொடப் பழக்கி, அந்தக் குச்சியாலேயே வழிநடத்துவது இன்னொன்று. கிளி அமைதியாக இருக்கும் நொடியில் நாம் விலகிப் போவது மூன்றாவது. மூன்றுமே பலிக்கும், ஆனால் ஒரே கிளியிடம் அல்ல.

உங்கள் கிளி எந்த ரகம் என்று முதலில் சோதித்துவிடுங்கள். சூரியகாந்தி விதை, தினைக்கதிர், பாதாம் துணுக்கு, ஆப்பிள் துண்டு என நாலைந்தை ஒரே தட்டில் வைத்து, எதை முதலில் எடுக்கிறது என்று மூன்று நாள் கவனியுங்கள். அதுதான் பரிசு. இனி அது சாப்பாட்டுக் கிண்ணத்தில் இருக்கக் கூடாது. பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டை நோக்கி மெல்ல நடங்கள். இறகுகள் உடலோடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நீண்டு, உடல் பின்னால் சாய்ந்தால் அங்கேயே நில்லுங்கள். அதுதான் அதன் பயத்தின் எல்லை. கம்பி வழியே விதையைக் கையிலிருந்தே வாங்குகிறதா? கிண்ணத்தில் போட்டு நகர்ந்தால்தான் எடுக்கிறதா? நீங்கள் அறையில் இருக்கும்வரை எதையும் தொடுவதே இல்லையா? மூன்று விடைகளுக்கும் மூன்று தனி வழிகள்.

விதை காட்டுதல்

கையிலிருந்து வாங்கித் தின்னும் கிளிக்கு இதுதான் வேகமான வழி. ஒரு கையைக் கிளியின் நெஞ்சுக்குக் கீழே அசையாமல் வைத்து, மறு கையில் விதையை அதற்கு அப்பால் பிடித்தால் பல கிளிகள் முதல் நாளே ஒரு காலை எடுத்து வைத்துவிடும்.

சிக்கல் பிறகு வரும். கிளி காலை நகர்த்தாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பறித்துக்கொண்டு போகும். விதை கண்ணில் படாவிட்டால் அசையவே அசையாது. ஆகவே ஐந்தாறு முறை காட்டி ஏற்றிய பிறகு, அதே கையசைவை வெறுங்கையோடு செய்து, ஏறிய பிறகே விதையை எடுத்துக் கொடுங்கள். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிற்பாடு 'விதை இருந்தால்தான் வருது' என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

கையைக் கண்டு பயப்படும் கிளியிடம் இதைச் செய்யவே வேண்டாம். ஆசை அதைப் பயத்தின் எல்லைக்குள் இழுத்துவந்துவிடும். விதை தீர்ந்த நொடியில்தான் கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அதற்கு உறைக்கும். கடி விழுவது அப்போதுதான்.

குச்சியைத் தொடுதல்

தயங்கும் கிளிகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் தேர்வு இதுதான். கிளிகள் பெரும்பாலும் புதுப் பொருளை அலகால் தொட்டுப் பார்க்கும். அந்தச் சுபாவத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். கையும் 20–30 செ.மீ. தள்ளியே இருக்கும்.

சாயம் பூசாத மரக்குச்சி போதும். கூண்டுக்கு வெளியே நின்று, நுனியை அலகுக்கு 3 செ.மீ. அருகே காட்டுங்கள். தொட்டதும் ஒரு குறியொலி ('சரி, பரிசு வருகிறது' என்று உணர்த்தும் சிறு சத்தம்), உடனே குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்து, பரிசைக் கிண்ணத்தில் போடுங்கள். ஒலி தொட்ட அதே நொடியில் வர வேண்டும். விதை இரண்டு மூன்று நொடி பிந்தினால் குற்றமில்லை. பத்து முறை போதும், மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்.

பரிசின் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நொடிக்குள் தின்று முடிக்கும் அளவே வேண்டும். பெரிய கிளிக்கு உரித்த சூரியகாந்திப் பருப்பில் கால்வாசி, பட்ஜி என்ற சின்னக் கிளிக்கு ஓரிரு தினைமணி. முழு விதையை ஓட்டோடு கொடுத்தால் உரித்துக்கொண்டிருக்கும்போதே பாடம் மறந்துபோகும்.

தொடுவது உறுதியானதும் குச்சியை 5 செ.மீ. இடம் வலமாக நகர்த்துங்கள். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தால்தான் எட்டும் தூரத்துக்கு. அடுத்து, கிளி உட்காரும் கம்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பின்தொடரட்டும். இதன் பிறகே கை வருகிறது. கம்பின் கோடியில் அசையாத கை, அதற்கு அப்பால் குச்சி. ஒரு கால் கையில் பட்டாலே ஒலி, பரிசு, அப்படியே திரும்பிப் போக விடுங்கள். அடுத்து இரண்டு காலும், பிறகு ஒரு நொடி, மூன்று நொடி. பத்தில் எட்டு முறை தயங்காமல் செய்தால் அடுத்த படிக்குப் போகலாம். அடுத்தடுத்து இரண்டு முறை மறுத்தால் ஒரு படி இறங்குங்கள்.

குச்சியைப் பிடித்துக் கடித்துக்கொண்டே இருக்கிறதென்றால் உங்கள் ஒலி தாமதமாகிறது. அலகு நெருங்கும்போதே ஒலியுங்கள். குச்சியைக் கண்டே மிரண்டால் அதைக் கூண்டுக்கு வெளியே கட்டிவைத்து நாலு நாள் விட்டுவிடுங்கள், பிறகு நுனி மட்டும் தெரியும்படி பிடியுங்கள். அதே குச்சியால் கிளியை ஒருமுறை தள்ளினால்கூட பழைய உழைப்பெல்லாம் வீண். கையில் ஏறும் முன் அலகை வைத்து அழுத்துவது கடி அல்ல, தாங்குமா என்று பார்க்கிறது. அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால், கை ஆடும் கிளை என்று முடிவு கட்டிவிடும்.

குறியொலிக்கு கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) நல்லதா, வாய்ச்சொல் நல்லதா என்ற சண்டைக்கு முடிவில்லை. செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஒலியைப் பாலமாக வைத்துப் பழக்கும் முறையை 1940களில் பரப்பியவர்கள் உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரீலண்ட் தம்பதி. கிளிக்கர் எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கும், ஆனால் ஒரு கையை அடைத்துக்கொள்ளும், சத்தத்துக்குச் சில கிளிகள் அதிரும். குச்சியும் விதையும் ஏந்திய கைகளுக்கு, நாக்கால் 'டக்' என்று தட்டும் ஒலி வசதி.

விலகிப் போதல்

நாம் அறையில் இருக்கும்வரை எதையும் தின்னாத கிளிக்கு இது. எல்லைக்கு ஓர் அடி வெளியே நில்லுங்கள். அது இறகைத் தளர்த்தினாலோ, கோதினாலோ, கண் சிமிட்டினாலோ உடனே நான்கடி பின்னால் போங்கள். அதற்கு நாம் போவதே பரிசு. கறாராகப் பார்த்தால் இது பிடித்ததைக் கொடுத்துப் பழக்கும் நேர்மறை ஊக்குவிப்பே அல்ல, பிடிக்காததை நீக்கும் வகை. எனவே கையிலிருந்தோ கிண்ணத்திலிருந்தோ தின்னத் தொடங்கிய அன்றே குச்சிக்கு மாறிவிடுங்கள். பசி போட்டு இந்தக் கட்டத்தைச் சுருக்கப் பார்ப்பது ஆபத்து. பட்ஜியின் மொத்த எடையே 30–40 கிராம்தான், 3 கிராம் குறைந்தாலே உடம்பில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு போயிற்று. நேற்றுவரை பாய்ந்து எடுத்த விதையை இன்று தொடவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திப் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரலை வயிற்றில் அழுத்தி ஏற்றும் பழைய முறையை இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. சமநிலை குலைவதால் கிளி ஏறுகிறது, அதை நாம் பழகிவிட்டதாக எண்ணுகிறோம். சாய்தல், அலகைத் திறத்தல் போன்ற எச்சரிக்கைகளால் பயனில்லை என்று கண்ட கிளி, அவற்றை விட்டுவிட்டு நேரே கடிக்கும். இப்படிப் பழக்கப்பட்ட கிளி உங்களிடம் வந்திருந்தால் விரலைச் சில வாரம் மறந்துவிடுங்கள். ஓர் அடி நீளக் கைக்கம்பில் குச்சியைத் தொட ஏறட்டும். பிறகு அந்தக் கம்பை நீங்கள் பிடிக்கும் இடத்தை நாளுக்கு ஒரு செ.மீ. வீதம் கிளியை நோக்கி நகர்த்துங்கள்.