ஆறு டிஸ்க்கில் மௌனப்படப் பெண்கள்: நம் கடற்கரை ஊர்களில் திரையிட வாங்கலாமா?

கினோ லார்பர் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'பயனியர்ஸ்: ஃபர்ஸ்ட் விமன் ஃபிலிம்மேக்கர்ஸ்' அமெரிக்க மௌனப்படக் காலத்துப் பெண் கலைஞர்களின் படங்கள் அடங்கிய, ஆறு ப்ளூ-ரே டிஸ்க் கொண்ட தொகுப்பு. மண்டபம், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் பள்ளியோ நூலகமோ மன்றமோ தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு போட்டுக் காட்டினால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். குறை படத்தில் இல்லை, போடுகிற விதத்தில்தான்.

முதலில் மண்டலம். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி; ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் போகலாம். உங்கள் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அடுத்தது சட்டகம். இந்தப் படங்கள் நான்குக்கு மூன்று அளவுள்ளவை. புரொஜெக்டர் அகலத்துக்கு இழுத்தால் முகமெல்லாம் சப்பையாகிவிடும். டிவியில் காட்டினால் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் 'விவிட்' நிறத்தையும் அணைத்துவிடுங்கள். ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் பொங்கினால் டிஸ்க்கைத் துடைக்காதீர்கள். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுருள் அரித்த தடம் அது.

காட்சிகளுக்கு நடுவே வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டுகள் ஆங்கிலம். மௌனப்படம் ஓடிய நாளில் திரை ஓரம் நின்று கதை சொன்னார்களே, அதே வழிதான். கார்டுகளை முன்னதாகத் தமிழில் எழுதிவைத்து, கார்டு தெரியும்போது மட்டும் ஒருவர் மைக்கில் படிக்கட்டும். காட்சி ஓடும்போது பேசினால் பின்னணி இசையும் போச்சு, நடிப்பும் போச்சு.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கச்சான் காற்று வலுத்துவிட்டால் துணித்திரை தாங்காது. வெள்ளையடித்த சுவரே மேல். ஏழு மணிக்கு முன் தொடங்கினால் வெளிச்சம் கெடுக்கும்.

முதல் மாலைக்கு மூன்று குறும்படம் போதும். அலிஸ் கீ-பிளாஷேயின் 'ஃபாலிங் லீவ்ஸ்' (1912): கடைசி இலை உதிரும்போது அக்கா இறந்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட சிறுமி, உதிர்ந்த இலைகளை நூலால் மரத்தில் கட்டுகிறாள். கார்டே இல்லாவிட்டாலும் புரியும். அவருடைய 'மேட்ரிமனிஸ் ஸ்பீட் லிமிட்' (1913) சிரிக்க வைக்கும், ஆனால் முக்காடு விலகிக் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் நாயகன் ஓடுகிற இடம் இனவெறி. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது லோயிஸ் வெபரின் 'சஸ்பென்ஸ்' (1913). கணவரோடு சேர்ந்து இயக்கி, மனைவியாகவும் அவரே நடித்தார். திரையை முக்கோணமாகப் பிரித்து வீட்டுக்குள் நுழைபவன், மனைவி, தொலைபேசியில் கணவன் மூவரையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். துரத்தி வரும் போலீஸ் கார் கணவன் ஓட்டும் காரின் கண்ணாடியில் தெரியும். இதை மட்டும் இரண்டு தடவை போடுங்கள். இரண்டாவது தடவையில்தான் கண் அந்தக் கண்ணாடிக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் இருப்பதெல்லாம் பெண்கள் பெயரில் இயக்கப்பட்டவை அல்ல. நடிகை நசிமோவாவின் 'சலோமே'யில் இயக்குநராக வருவது சார்லஸ் பிரயண்ட் பெயர். 'தி ரெட் கிமோனா' (1925) டோரதி டேவன்போர்ட் தயாரித்தது. இயக்கம் வால்டர் லாங் பெயரில். அறிமுகம் செய்பவர் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேரியன் வாங்கின் 'தி கர்ஸ் ஆஃப் குவோன் குவோன்' முழுதாகக் கிடைக்கவில்லை, கதை துண்டுதுண்டாகத் தெரியும். இருந்தாலும் 1916-இல் சீன அமெரிக்கப் பெண் ஒருவர் எடுத்த படம் என்பதால் விட்டுவிடக் கூடாது.

இது அமெரிக்கத் தொகுப்பு. கீ-பிளாஷே பிரான்சில் கோமோன் நிறுவனத்துக்கு எடுத்தவற்றை இதில் எதிர்பார்க்காதீர்கள். நம் நாட்டில் 1926-இல் 'புல்புல்-எ-பரிஸ்தான்' இயக்கிய ஃபாத்மா பேகத்தை எந்தப் பெட்டியிலும் தேட முடியாது; படமே அழிந்துவிட்டது. அறிமுக உரையில் அவர் பெயரும், 1936-இல் தமிழில் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி.பி.ராஜலக்ஷ்மி பெயரும் அவசியம் வரட்டும்.

உப்புக்காற்றில் டிஸ்க்குகளை மூடியிறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில்; வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடிப் படம் நின்றுவிடும்.